ஷேடோவும் மற்ற பல்ப் நாயகர்களும்: காமிக்ஸ் மறுவருகைகளில் எது நின்றது, எது ஏன் சரிந்தது?

#1 கருப்புமசி

1930களில் அமெரிக்காவில் மட்டமான மரக்கூழ்த் தாளில் அச்சாகிப் பத்து சென்டுக்கு விற்ற கதை இதழ்களைத்தான் பல்ப் என்கிறோம். அந்த இதழ்களின் நாயகர்களைப் பத்து வருடத்துக்கு ஒருமுறையாவது ஏதாவது ஒரு காமிக்ஸ் நிறுவனம் எழுப்பிப் பார்க்கிறது. சிலர் எழுந்து நடக்கிறார்கள், பலர் சில இதழ்களிலேயே படுத்துவிடுகிறார்கள். கறுப்பு அங்கியில் குற்றவாளிகளை வேட்டையாடும் ஷேடோவிலிருந்து தொடங்குகிறேன். மறுவருகைகளும் அவனுக்கு அதிகம், அவற்றில் நடந்த தவறுகளும் அதிகம்.

ஷேடோ ஒருவன் அல்ல, இரண்டு பேர். இது தெரியாமல் எந்தத் தொகுப்பை எடுத்தாலும் குழப்பம்தான். 1930 ஜூலை 31 அன்று வானொலியில் துப்பறியும் கதைகளை அறிமுகம் செய்யும் குரலாகத்தான் அவன் பிறந்தான். நேயர்கள் கடைக்குப் போய் அந்தக் குரலின் பெயரைச் சொல்லி இதழ் கேட்கவே, ஸ்ட்ரீட் அண்ட் ஸ்மித் நிறுவனம் 1931 ஏப்ரலில் 'தி ஷேடோ' இதழைக் கொண்டுவந்தது. மேக்ஸ்வெல் கிராண்ட் என்ற பெயருக்குள் இருந்தவர் வால்டர் கிப்சன். 1949 வரை வந்த 325 நாவல்களில் 282 அவர் எழுதியவை.

இதழ் ஷேடோவின் உண்மைப் பெயர் கென்ட் அலார்ட். லாமாண்ட் க்ரான்ஸ்டன் என்ற பணக்காரனின் அடையாளத்தை அவன் தேவைப்படும்போது இரவல் எடுத்துக்கொள்கிறான். இருட்டில் மறைவது அவனுடைய பயிற்சி, மந்திரம் கிடையாது. 1937ல் ஆர்சன் வெல்ஸ் குரல் கொடுத்த வானொலி நாடகத்தில் க்ரான்ஸ்டனே ஷேடோ ஆகிவிட்டான். அடுத்தவர் மனத்தை மயக்கிக் கண்ணுக்குத் தெரியாமல் போகும் சக்தியும், மார்கோ லேன் என்ற தோழியும் அங்கே சேர்ந்தவை. மார்கோ இதழுக்குள் நுழைந்தது 1941ல்தான்.

ஆக, காமிக்ஸைத் திறந்ததும் இரண்டு விஷயம் பாருங்கள்: நாயகன் அலார்டா க்ரான்ஸ்டனா? மறைவது நிழலாலா சக்தியாலா? 1964ல் ஆர்ச்சி நிறுவனம் வெளியிட்ட 8 இதழ்கள் இரண்டையும் விட்டுவிட்டு அவனுக்கு இறுக்கமான சூப்பர்ஹீரோ உடை மாட்டின. 1973ல் டிசி காமிக்ஸ் நிறுவனம் வெளியிட்ட 12 இதழ்கள்தான் முதல் சரியான மறுவருகை: பெரும்பாலும் டென்னி ஓ'நீல் எழுத்து, தொடக்க இதழ்களில் மைக் காலூட்டா சித்திரம். 1930களின் நியூயார்க்கை விட்டு நகராமல், ஷேடோவை விளக்கிச் சொல்லாமல் எழுதினார்கள். என் கட்சி இதுதான்: காலத்தை விட்டால் நாயகனும் போய்விடுவான்.

#2 மூன்றாம்கட்டம்

காலம் முக்கியம்தான் ஜி, ஆனா அதைவிடப் பெரிய சிக்கல் பக்கக் கணக்கு. போட்டுப் பாருங்க.

ஒரு அமெரிக்க மாத இதழ்ல கதைக்கு 22 பக்கம்னு வெச்சுக்குவோம். பக்கத்துக்கு அஞ்சு கட்டம்னா 110 கட்டம். பலூன், விவரிப்புப் பெட்டி எல்லாம் சேர்த்து பக்கத்துக்கு 120 சொல்லுக்கு மேல போனா படம் மூச்சு முட்டும். அப்போ ஒரு இதழுக்கு 2,600 சொல், ஆறு இதழ் தொகுப்புக்கு சுமார் 16,000. கிப்சனோட ஒரு நாவல் நாற்பதாயிரம், ஐம்பதாயிரம் சொல் போகும். மூணுல ரெண்டு பங்கை வெட்டியே ஆகணும். எதை வெட்டுறாங்கங்கறதுலதான் தோல்வி ஆரம்பிக்குது.

நாவலை எடுத்துப் பாருங்க. பாதிக் கதை ஹாரி வின்சென்ட் கண் வழியாப் போகும். முதல் நாவல்லயே பாலத்துலேருந்து குதிச்சுச் சாகப்போனவனைத்தான் ஷேடோ இழுத்துப் பிடிச்சுத் தன் ஆளாக்குறான். தகவல் போற பாதை தனி அழகு. ஏஜெண்ட் எழுதிக் குடுத்த அறிக்கை பங்குத் தரகர் ரட்லெஜ் மேன் கிட்ட வரும். அவர் அதை 23ஆம் தெருவுல பி. ஜோனாஸ்னு பேர் போட்ட, எப்பவும் பூட்டியே கிடக்குற ஒரு அறையோட கதவுத் துளைல போடுவார். அப்புறம் நீல விளக்குக்குக் கீழ ரெண்டு கை மட்டும் அந்த உறையைப் பிரிக்கும். படிச்சு முடிச்சதும் மை மறைஞ்சிடும். அவசரம்னா பர்பேங்க், தொலைபேசில. மோ ஷ்ரெவ்னிட்ஸ் டாக்ஸி ஓட்டுவான், கிளிஃப் மார்ஸ்லண்ட் ரவுடிக் கூட்டத்துக்குள்ள இருப்பான், கிளைட் பர்க் பத்திரிகை நிருபர்.

மறுவருகை எழுதுறவங்க முதல்ல வெட்டுறது இந்த வலையைத்தான். வெட்டினதும் காலியான இடத்தை ஷேடோவை வெச்சே நிரப்பணும். முழுசா நின்னு, பேசி, ரெண்டு .45 துப்பாக்கியால சுட்டுட்டே இருக்குறவன்கிட்ட மர்மம் எங்கேருந்து வரும்? என் அளவுகோல் இது: 22 பக்கத்துல ஆறு பக்கத்துக்கு மேல அவன் உருவம் முழுசாத் தெரிஞ்சா அந்த இதழ் சறுக்கிடுச்சுன்னு அர்த்தம்.

#3 பழையதாள்

கருப்புமசி சொன்ன "காலத்தை விட்டால் போய்விடுவான்" என்பதை ஏற்கமுடியவில்லை. 1986ல் ஹோவர்ட் சேக்கின் டிசிக்காகச் செய்த நான்கு இதழ்கள் நிகழ்காலத்தில் நடப்பவை. 35 ஆண்டுகள் காணாமல் போயிருந்த ஷேடோ ஷம்பாலா என்ற மறைநகரத்திலிருந்து வயதாகாமல் திரும்புகிறான். அவனுடைய பழைய ஏஜெண்டுகள் முதியவர்களாகி ஒவ்வொருவராகக் கொல்லப்படுகிறார்கள். அந்த ஏஜெண்டுகளைக் கொன்றதற்காகப் பழைய வாசகர்கள் கொதித்தார்கள். எழுத்தாளர் ஹார்லன் எலிசன் வெளிப்படையாகவே கண்டித்தார்.

மூன்றாம்கட்டம் சொன்ன அதே வலைதான் இந்தக் கதையின் மையமும் என்பதைக் கவனியுங்கள். அந்த மனிதர்கள் தங்கள் வாழ்க்கையையே ஒருவனுக்குக் கொடுத்தார்கள், அவன் அவர்களை விட்டுவிட்டுப் போனான், அதற்கு என்ன விலை? 1930களிலேயே உட்கார்ந்திருந்தால் இந்தக் கேள்வியைக் கேட்கவே முடியாது. சேக்கினின் ஷேடோ கொடூரமானவன், பெண்களிடம் அவன் நடந்துகொள்ளும் விதம் இன்று படிக்கக் கூசுகிறது. இருந்தும் கட்டமைப்பு அசைக்க முடியாதது.

1987ல் அதைத் தொடர்ந்த ஆண்ட்ரூ ஹெல்ஃபரின் 19 இதழ்களும் அப்படியே. முதல் ஆறு பில் சீன்கேவிச் வரைந்தவை, பிறகு பெரும்பாலும் கைல் பேக்கர். பேக்கர் இதழ்களில் ஏஜெண்டுகள் ஒரு கோணங்கிக் குடும்பமாகவே ஆகிவிடுகிறார்கள். ஷேடோவே இல்லாத பக்கங்கள் நிறைய, அந்தப் பக்கங்கள்தான் சிறந்தவை.

#4 கருப்புமசி

பழையதாள் சார், அந்த 19வது இதழ் எங்கே போய் நின்றது? ஷேடோவின் தலையை ஓர் இயந்திர உடலில் பொருத்தி, கதையை முடிக்காமலே தொடர் நின்றது. அடுத்து 1989ல் டிசி தொடங்கிய 'தி ஷேடோ ஸ்ட்ரைக்ஸ்' நேராக 1930களுக்குத் திரும்பி 31 இதழ்கள் ஓடியது. ஜெரார்ட் ஜோன்ஸ் எழுத, எடுவார்டோ பாரெட்டோ வரைந்தது. அந்த நிறுவனத்தின் நான்கு ஷேடோ தொடர்களிலும் அதிக இதழ் வந்தது இதற்குத்தான். துணிச்சலை மறுக்கவில்லை, நிலைத்ததைச் சொல்கிறேன்.

சேக்கின் விஷயத்தில் பாதி ஒத்துக்கொள்கிறேன். ஏஜெண்டுகள் பற்றிய உங்கள் வாதம் சரி. ஆனால் அந்தக் கதை ஒருமுறைதான் எடுபடும். ஏஜெண்டுகளைக் கொன்றபின் அடுத்த எழுத்தாளருக்கு மிச்சம் என்ன இருக்கிறது? ஹெல்ஃபர் புது ஆட்களைச் சேர்க்க வேண்டியிருந்தது.

#5 மூன்றாம்கட்டம்

சிரிப்பைப் பத்தி யாரும் சொல்லல. ஷேடோன்னாலே அந்தச் சிரிப்புதானே. வானொலில அது எங்கேருந்து வருதுன்னே தெரியாது. காமிக்ஸ்ல அதைச் சாதாரண பலூன்ல போட்டு வால் இழுத்தா, வால் காட்டுற இடத்துல அவன் நிக்கிறான்னு வாசகனுக்குத் தெரிஞ்சு போகும். காட்சியே செத்துடும். சரியாச் செய்யுறவங்க பலூனே இல்லாம எழுத்தைக் கட்டத்தோட பின்னணில பரப்புவாங்க, இல்ல ஒரு கட்டத்துல ஆரம்பிச்சு ஓரம் தாண்டி அடுத்த கட்டத்துல முடிப்பாங்க. வில்லன் தப்பான பக்கம் திரும்பணும். அதான் சிரிப்போட வேலை.

#6 அச்சுக்கூடம்

கறுப்பு அங்கி போட்ட நாயகனை அச்சடிப்பதே தனி வித்தை. அதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சில புதிய தொகுப்புகள் சப்பென்று தெரிவதற்குக் கதை காரணமில்லை.

1973 இதழ்கள் செய்தித்தாள் ரகத் தாளில் வந்தவை. அந்தத் தாள் மையை உறிஞ்சும். முழுக் கறுப்பு பரப்பினால் சாம்பல் பூத்த மாதிரி காயும். அங்கியின் ஓரங்களை வெறும் கறுப்பாக விடாமல் நுண்கோடுகளால் சிதறடிக்கும் காலூட்டாவின் வேலை அந்தத் தாளில் அருமையாக நிற்கிறது. மை கொஞ்சம் பரவினாலும் கோடு நிழலாகத்தான் மாறும். அதே பக்கத்தைப் பளபளப்பான தாளில் மறுபதிப்புப் போட்டால் மை மேலேயே நிற்கும், ஒவ்வொரு கோடும் தனித்தனியாகக் கண்ணைக் குத்தும்.

புது இதழ்களில் நிலைமை தலைகீழ். வெறும் கறுப்பு மை 100 சதவீதம் போட்டால் பெரிய பரப்பு வெளிறும். அதனால் சயான் 60, மெஜந்தா 40, மஞ்சள் 40, கறுப்பு 100 என்று மொத்தம் 240 சதவீதம் சேர்த்து அடர்கறுப்பு வைப்பார்கள். அங்கிக்கு இது சரி. கோட்டோவியத்துக்கும் எழுத்துக்கும் இதையே போட்டால் ஆபத்து. நான்கு மைகளின் அச்சுத் தகடுகளும் இம்மி பிசகாமல் பொருந்தாவிட்டால் முகக் கோடுகளின் ஓரத்தில் சிவப்பும் நீலமும் பிதுங்கும். கோடும் எழுத்தும் கறுப்புத் தகட்டில் மட்டும், கீழே இருக்கும் வண்ணத்தின் மேலேயே ஏறி அச்சாக வேண்டும். கோட்டை அங்குலத்துக்கு 600 புள்ளிக்குக் குறையாமல் தனி அடுக்காக வைக்க வேண்டும், வண்ணத்துக்கு 300 போதும். இரண்டையும் 300ல் ஒன்றாக இறக்கிவிட்டால் அங்கி மடிப்பெல்லாம் மொழுக்கென்று ஆகிவிடும்.

இன்னொன்று வண்ணக்காரர்கள் செய்வது: கறுப்பு உருவத்தைப் பின்னணியிலிருந்து பிரிக்க ஓரத்தில் நீல ஒளி வரைவார்கள். எல்லாக் கட்டத்திலும் அப்படிச் செய்தால் ஷேடோ எப்போதும் விளக்குக்கு முன்னால் நிற்பவனாகிவிடுவான். கிப்சன் நாவல்களில் அங்கியின் உள்பக்கம் கருஞ்சிவப்பு. அந்தச் சிவப்பு ஒரு கீற்றாகத் தெரிந்தாலே போதும், உருவம் பிரிந்துவிடும்.

#7 இரவுவண்டி

அருமையான தகவல்கள் நண்பர்களே. எனக்கு டாக் சாவேஜ் பற்றித்தான் சந்தேகம். 1972ல் மார்வெல் 8 இதழ், 1987ல் டிசி, 2010ல் மறுபடி டிசி, 2013ல் டைனமைட். இத்தனை முறை முயன்றும் ஏன் நிலைக்கவில்லை? ஷேடோவைவிட எளிமையான நாயகன்தானே? முகமூடி இல்லை, ரகசியம் இல்லை.

#8 பழையதாள்

ரகசியம் இல்லாததுதான் சிக்கல். டாக் சாவேஜ் 1933 மார்ச்சில் தொடங்கி 1949 வரை 181 இதழ்கள் வந்தது. கென்னத் ரோப்சன் என்ற பொதுப்பெயரில் பெரும்பாலும் எழுதியவர் லெஸ்டர் டென்ட். நாயகன் எல்லாவற்றிலும் சிறந்தவன்: மருத்துவன், விஞ்ஞானி, பலசாலி. தவறே செய்யாதவனை வைத்து நாவல் ஓடியதற்கு இரண்டு காரணங்கள்.

ஒன்று, ஐந்து உதவியாளர்கள். மங்க் என்ற வேதியியலாளனும் ஹாம் என்ற வக்கீலும் ஓயாமல் திட்டிக்கொள்வார்கள், ரென்னி கதவை முஷ்டியால் உடைப்பான், ஜானி யாருக்கும் புரியாத நீளச் சொற்களில் பேசுவான், லாங் டாம் மின்சார நிபுணன். இந்த ஐவரையும் ஒரே கட்டத்தில் வைத்து ஆளுக்கொரு வசனம் கொடுத்தால் படத்துக்கு இடமே இருக்காது. 22 பக்கத்தில் இரண்டு பேருக்கு மேல் சமாளிக்க முடியாது. எல்லா எழுத்தாளர்களும் ஐவரையும் கூட்டிவந்து ஐவரையும் வீணாக்குகிறார்கள்.

இரண்டு, டென்டின் சூத்திரம். 6,000 சொல் சிறுகதைக்கு அவர் வகுத்தது: 1,500 சொல்லாக நான்கு பகுதி. முதல் பகுதியின் தொடக்கத்திலேயே நாயகன் தலையில் தொல்லையைக் கொட்ட வேண்டும். ஒவ்வொரு பகுதி முடிவிலும் கதையைத் திருப்பும் ஓர் அதிர்ச்சி வேண்டும். தொல்லை பகுதிக்குப் பகுதி கூடவேண்டும், கடைசியில் நாயகன் தன் திறமையாலேயே மீளவேண்டும். இது நான்கு இதழ் காமிக்ஸுக்கு அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்தும். புத்தகத் தொகுப்புக்காகக் கதையை ஆறு இதழாக இழுக்கும்போது இரண்டாவது இதழும் நான்காவது இதழும் திருப்பம் இல்லாமல் தொங்குகின்றன. மாதாமாதம் வாங்கும் வாசகன் அங்கேதான் விட்டுவிடுகிறான்.

2010ல் டிசி 'ஃபர்ஸ்ட் வேவ்' என்று டாக் சாவேஜையும் ஸ்பிரிட் என்ற முகமூடித் துப்பறிவாளனையும் துப்பாக்கி வைத்த ஒரு பேட்மேனையும் ஒரே உலகத்தில் போட்டது. எந்த ஆண்டு என்றே சொல்லமுடியாத உலகம், பழைய கார்களும் புதிய கருவிகளும் கலந்து கிடக்கும். டாக் சாவேஜ் தொடர் 17 இதழ்களில் நின்றது. இந்த இடத்தில் கருப்புமசியின் காலக் கட்சிக்கு என் ஓட்டு: ஏதாவது ஒரு காலம் வேண்டும்.

எனக்குப் பிடித்தது 2013 டிசம்பரில் டைனமைட் தொடங்கிய 8 இதழ்கள். கிறிஸ் ராபர்சன் எழுத்து, பில்கீஸ் எவ்லி சித்திரம். 1933ல் தொடங்கிப் பத்தாண்டு பத்தாண்டாகத் தாவி நிகழ்காலத்துக்கு வருகிறது. ஒவ்வொரு இதழும் தனிக் கதையாகவும் படிக்கலாம். உடை, கட்டடம், வண்டி எல்லாவற்றையும் எவ்லி அந்தந்தக் காலத்துக்கேற்ப மாற்றி வரைந்திருக்கும் உழைப்புக்கே வாங்கலாம்.

தப்பிக்கவே முடியாத ஒரு விஷயமும் உண்டு. மூல நாவல்களில் டாக் சாவேஜ் பிடிபட்ட குற்றவாளிகளைத் தன் தனி மருத்துவமனைக்கு அனுப்பி, மூளையில் அறுவை செய்து, பழசை மறக்கடித்து 'நல்லவர்களாக' வெளியே விடுவான். 1933ல் அது கருணை. இன்று படிப்பவருக்குக் குலை நடுங்கும். மறுவருகை எழுதுபவர் இதை ஒளித்தால் தெரிந்த வாசகர் கண்டுபிடித்துவிடுவார், அப்படியே வைத்தால் நாயகன் வில்லனாகிவிடுவான். அந்தக் கருணைக்குள்ளேயே கதையைத் தேடுவதுதான் நேர்மையான வழி.

#9 கருப்புமசி

அதே வகைச் சங்கடம் ஷேடோவிலும் உண்டு. 1939ல் வந்த ஷிவான் கான் போன்ற கீழ்த்திசை வில்லன்கள் அப்பட்டமான இனவெறுப்புக் காலத்தின் பிள்ளைகள். 2012ல் டைனமைட்டுக்காகக் கார்த் என்னிஸ் எழுதி ஆரன் கேம்ப்பெல் வரைந்த முதல் ஆறு இதழ்கள் இதை வேறு விதமாகத் தாண்டுகின்றன. கதை 1938ல் நடக்கிறது, ஜப்பானியப் படை சீனாவில் செய்த படுகொலைகளிலிருந்து தொடங்குகிறது. வில்லனின் தீமை இனத்திலிருந்து வரவில்லை, வரலாற்றிலிருந்து வருகிறது. ஷேடோ இதில் க்ரான்ஸ்டன்தான், வானொலிச் சக்தியும் உண்டு. ஆனால் நாவல் ஷேடோவின் ஈரமின்மை அப்படியே இருக்கிறது. இரண்டு மரபையும் கலந்து உடையாமல் வந்தவற்றில் இதையே முதலில் வைப்பேன். தொடர் மொத்தம் 25 இதழ் போனது, என்னிஸ் ஆறோடு விலகினார்.

#10 மூன்றாம்கட்டம்

ஸ்பைடரை மறந்துடாதீங்க. ஸ்பைடர்மேன் இல்ல, இவன் பல்ப் நாயகன். 1933 அக்டோபர்லேருந்து 1943 டிசம்பர் வரைக்கும் 118 நாவல். முதல் ரெண்டைத் தவிரப் பெரும்பாலும் நார்வெல் பேஜ் எழுதினது. ஷேடோ நாவல்ல ஒருத்தன் செத்தா ஸ்பைடர் நாவல்ல ஒரு ஊரே சாகும். அந்த வெறி காமிக்ஸுக்கு நல்லாவே ஒத்துவரும். 2012ல டேவிட் லிஸ் எழுதின டைனமைட் தொடர் அதை நிகழ்காலத்துக்குக் கொண்டுவந்து 18 இதழ் ஓட்டுச்சு.

அதே வருஷம் ஆரம்பிச்ச 'மாஸ்க்ஸ்' 8 இதழும் பாருங்க. ஷேடோ, ஸ்பைடர், கிரீன் ஹார்னெட், ஸாரோ வம்சத்துல ஒருத்தன்னு எல்லாரும் ஒரே கதைல. கரு, பேஜ் 1938ல எழுதின மூணு ஸ்பைடர் நாவல்லேருந்து எடுத்தது: ஒரு கட்சி தேர்தல்ல ஜெயிச்சு நியூயார்க் மாநிலத்தையே ரவுடிப் போலீஸ் கைல குடுத்துடும். முதல் இதழை அலெக்ஸ் ராஸ் உள்பக்கம் முழுக்கத் தூரிகையால தீட்டினார். ரெண்டாவதுலேருந்து வேற கை. அந்த மாற்றம் தொகுப்பாப் படிக்கும்போது படியில கால் தவறின மாதிரி இருக்கும், தெரிஞ்சே வாங்குங்க.

#11 இரவுவண்டி

இவ்வளவு பழைய கதாபாத்திரங்கள், இன்னும் ஏன் உரிமம் வாங்குகிறார்கள்? யார் வேண்டுமானாலும் போடமுடியாதா?

#12 அச்சுக்கூடம்

இரண்டு பூட்டுகள் இருக்கின்றன. முதலாவது காப்புரிமை. அக்காலத்தில் அமெரிக்காவில் வெளியாகி, 28ஆம் ஆண்டில் முறையாகப் புதுப்பிக்கப்பட்ட படைப்புக்கு 95 ஆண்டுகள். அந்தக் கணக்கில் 1931 ஷேடோ நாவல்கள் 2027 ஜனவரி 1 அன்றும், 1933 டாக் சாவேஜ் நாவல்கள் 2029 ஜனவரி 1 அன்றும் பொதுவுக்கு வரும். அந்தந்த ஆண்டுக் கதைகள் மட்டும்தான். மார்கோ லேன் 1941 நாவலில் வரும் விதத்தை எடுக்க வேண்டுமானால் இன்னும் பத்தாண்டு காத்திருக்க வேண்டும்.

இரண்டாவது பூட்டு வணிகக்குறி. அதற்குக் காலாவதி கிடையாது, பயன்பாட்டில் இருக்கும்வரை இருக்கும். எட்கர் ரைஸ் பரோஸ் எழுதிய செவ்வாய்க் கிரக நாயகன் ஜான் கார்ட்டரின் முதல் கதை 1912ல் வந்தது, காப்புரிமை எப்போதோ முடிந்தது. அதை நம்பி டைனமைட் செவ்வாய்க் கிரகக் கதைகளையும் டார்ஜானையும் வெளியிட்டபோது, 2012ல் பரோஸின் பெயரிலுள்ள நிறுவனம் வணிகக்குறியைக் காட்டி வழக்குப் போட்டது. 2014ல் சமரசமானது. கதையை எடுக்கலாம், அட்டையில் அந்தப் பெயரைப் பெரிதாகப் போடுவதில்தான் வம்பு.

வாசகருக்கு இதனால் வரும் நேரடி நஷ்டம்: உரிமம் முடிந்த நாளோடு பதிப்பும் நின்றுவிடும். பல்ப் வாள்வீரன் கோனான் 2003லிருந்து டார்க் ஹார்ஸ் நிறுவனத்திடம் இருந்தது, 2019ல் மார்வெலுக்குப் போனது, 2023ல் டைட்டனுக்கு வந்தது. ஒவ்வொரு கைமாறலிலும் பழைய தொகுப்புகள் கடையிலிருந்து மறைந்து, பிறகு வேறு அட்டையில் வேறு தொகுதி எண்ணில் வருகின்றன. தொகுதி எண்ணை நம்பாதீர்கள், உள்ளே எந்த இதழ் எண்கள் என்று பாருங்கள்.

#13 பழையதாள்

கோனான் மட்டும் ஏன் விழாமல் இருக்கிறான் என்பதற்கும் இந்த இழையிலேயே பதில் இருக்கிறது. ராபர்ட் ஹோவர்ட் எழுதியவை பெரும்பாலும் குறுங்கதைகள், நாயகன் எல்லாப் பக்கத்திலும் நிற்கிறான், காலமோ கற்பனைக் காலம். பக்கக் கணக்கு, மர்மம், நிகழ்காலம் என்று ஷேடோவைப் படுத்தும் மூன்று தொல்லையும் அவனுக்கில்லை. டார்க் ஹார்ஸ் தொடரில் கேரி நோர்டின் பென்சில் கோட்டுக்கு மசி ஏற்றாமல் நேராக டேவ் ஸ்டீவர்ட் வண்ணம் போட்டார். அச்சுக்கூடம் சொன்ன கறுப்புப் பிரச்சினையே எழாத முறை. ஷேடோவுக்கு அது உதவாது.

#14 இரவுவண்டி

சரி, ஷேடோவில் வாங்கும் வரிசை மட்டும் சொல்லிவிடுங்கள். டைனமைட் முதல் இதழுக்கே நான்கைந்து அட்டைகள் காட்டுகிறார்களே, எது?

#15 கருப்புமசி

எந்த அட்டையானாலும் உள்ளே அதே கதைப் பக்கங்கள்தான். படிப்பதற்கென்றால் மலிவானதை எடுங்கள், இல்லையென்றால் நேராகத் தொகுப்புக்குப் போங்கள்.

முதலில் கிப்சன் நாவல் ஒன்றாவது, அந்த ஏஜெண்ட் வலை மனதில் பதிவதற்கு. அடுத்து என்னிஸின் ஆறு இதழ் தொகுப்பு. அதற்குப் பிறகு காலூட்டா. பழையதாள் சார் விரும்பும் சேக்கினை நான்காவதாக வையுங்கள், ஏஜெண்டுகள் யாரென்று தெரிந்தபின் படித்தால்தான் அந்த மரணங்கள் வலிக்கும். டைனமைட் அதை 2012ல் மறுபதிப்புப் போட்டது.

காலூட்டா தொகுப்பு வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். 1989ல் டிசி வெளியிட்ட கெட்டி அட்டைத் தொகுப்பில் 1, 2, 3, 4, 6 என்ற இதழ்கள் இருக்கும். ஐந்தாவது விடுபட்டதாக நினைத்துத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். அதை வரைந்தவர் ஃபிராங்க் ராபின்ஸ்.